பார்சல் அலுவலகத்தில் ஒரு நாய்

பெரிய ரயில் நிலையங்களின் பார்சல் அலுவலகத்தில் சற்று நேரம் காத்திருக்க நேர்ந்தவர்கள் இக்காட்சியைக் கண்டிருக்கக்கூடும். சாக்குத் துணி சுற்றிக் கட்டப்பட்ட மோட்டார் சைக்கிள்கள், பெயரும் ஊரும் கறுப்பு மையில் எழுதப்பட்ட மரப்பெட்டிகள், மாற்றலாகிச் செல்லும் யாரோ ஒருவருடைய இரும்பு பீரோ. இவற்றின் நடுவே, உரிமையாளரின் காலோடு ஒட்டியபடி ஒரு நாய். அவர் கையில் பயணச்சீட்டு, அடையாள அட்டை, தடுப்பூசிச் சான்றிதழ், கால்நடை மருத்துவர் அளித்த உடற்தகுதிச் சான்றிதழ். எழுத்தர் எல்லாவற்றையும் சரிபார்த்து, சுமைக்குரிய கட்டண விகிதத்தில் ரசீது எழுதித் தருகிறார். அவரைக் குறை சொல்ல ஏதுமில்லை. விதி நாயைச் சுமைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. அவர் விதிப்படி நடக்கிறார்.

கோடை விடுமுறை நெருங்கும்போது இன்று பல நகர்ப்புறக் குடும்பங்களில் எழும் கேள்வி, 'எங்கே போவது?' என்பதைவிட, 'நாயை என்ன செய்வது?' என்பதுதான். நம் பெற்றோர் காலத்தில் இக்கேள்விக்கு இடமே இருக்கவில்லை. நாய் திண்ணையிலோ கொல்லையிலோ கிடக்கும். குடும்பத்தில் பாதிப் பேர் ஊருக்குப் போனால் மீதிப் பேர் வீட்டிலிருப்பார்கள். அவர்களும் இல்லையென்றால் தெருவே அதற்குச் சோறு போட்டுவிடும். இன்று ஆறாவது மாடியில் மூவர் வாழ்கிறோம். மூவரும் கிளம்பினால் வீட்டுக்குப் பூட்டு. ஆகவே நாயையும் உடன் அழைத்துச் செல்வது என்னும் வழக்கம் பெருகிவருகிறது. மலையுச்சியில் காதுகள் காற்றில் பறக்க நிற்கும் நாயின் படங்களைக் கைபேசியில் கண்டு, நமக்கும் அப்படியொரு விடுமுறை வாய்க்காதா என்று ஏங்குவதும் இயல்பே. எனக்கும் அந்த ஏக்கம் இருந்தது. அது நாயின் ஏக்கமன்று, என்னுடையது மட்டுமே என்பதை விளங்கிக்கொள்ள ஒரு பயணமும் ஓர் இரவும் தேவைப்பட்டன. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ரயில்.

இந்திய ரயில்வேயில் நாயுடன் பயணம் செய்வதற்கு இரண்டே வழிகள். ஒன்று, குளிர்சாதன முதல் வகுப்பிலோ சாதாரண முதல் வகுப்பிலோ இரண்டு படுக்கைகள் கொண்ட கூபேயையோ நான்கு படுக்கைகள் கொண்ட கேபினையோ முழுவதுமாக நாமே எடுத்துக்கொள்வது. மற்றொன்று, கார்டு பெட்டியோடு இணைந்த சுமைப் பகுதியில் உள்ள நாய்ப் பெட்டியில் அதை ஏற்றிவிடுவது. குளிர்சாதன இரண்டாம், மூன்றாம் வகுப்புகளிலும், இருக்கை வசதி மட்டுமே உள்ள குளிர்சாதனப் பெட்டிகளிலும், சாதாரண படுக்கை வகுப்பிலும், இரண்டாம் வகுப்பிலும் நாய்க்கு அனுமதியில்லை. பதிவு செய்யாமல் ஏற்றிச் சென்று பிடிபட்டால் சுமைக் கட்டணத்தைப் போல் ஆறு மடங்கு வசூலிப்பார்கள்.

தனியாகப் பயணம் செய்பவர் நாய்க்காகக் கூபே வேண்டுமென்றால் இரண்டு பயணச்சீட்டுகள் வாங்க வேண்டும். மூவர் கொண்ட குடும்பம் நான்கு வாங்க வேண்டும். இதை நான் அநியாயம் என்று சொல்ல மாட்டேன். வசதி வேண்டுபவர் அதற்குரிய விலையைக் கொடுக்கத்தான் வேண்டும். என் வருத்தம் வேறு. முழு விலையைக் கொடுத்த பின்னரும் கூபே கிடைக்குமா, நான்கு பேர் கேபினில் இரண்டு படுக்கைகள் கிடைக்குமா என்பது பயணிகள் பட்டியல் தயாராகும்வரை தெரிவதில்லை. வண்டி புறப்படச் சில மணி நேரமே இருக்கும். கோரிக்கைக் கடிதம் கொடுத்திருப்பீர்கள். அதிகாரியும் கனிவோடு வாங்கி வைத்திருப்பார். ஆனாலும் அந்தப் பட்டியலில் வேறொருவரின் பெயர் உங்கள் அறையில் இருந்துவிட்டால் நாய் உங்களோடு வர முடியாது. அப்போது மிஞ்சுவது நாய்ப் பெட்டி, அல்லது பயணத்தையே கைவிடுவது.

நாய்ப் பெட்டியைப் பார்த்திராதவர்கள் ஒருமுறை பார்ப்பது நல்லது. உலோகத்தால் ஆன சிறு அறை. ரயிலின் ஓசை, தண்டவாளத்தின் அதிர்வு, கோடையில் சூடேறும் தகடு. உரிமையாளர் எங்கோ பத்துப் பதினைந்து பெட்டிகளுக்கு அப்பால். இத்தனைக்கும் நம் நாட்டுச் சட்டம் இதைப் பற்றி யோசிக்காமல் விட்டுவிடவில்லை. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1978-இல் இயற்றப்பட்ட விலங்குப் போக்குவரத்து விதிகள், கோடைக்காலத்தில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையும் குளிர்காலத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையும் நாய்க்குக் குடிநீர் அளிக்க வேண்டும் என்கின்றன. ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட ரயில் பயணமாயின் உணவும் நீரும் கொடுக்க ஒருவர் உடன் செல்ல வேண்டும்; எல்லா நிலையங்களிலும் அவர் நாயை அணுக வசதியிருக்க வேண்டும்; நேரே வீசும் காற்றில் நாய் இருத்தப்படக் கூடாது. எழுதியவர் யாரோ, நாய் வளர்த்தவராகத்தான் இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

தில்லியிலிருந்து சென்னை செல்லும் விரைவு ரயில் முப்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் ஏழெட்டு முறையாவது தண்ணீர் காட்ட வேண்டும். இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் மட்டுமே நிற்கும் நிலையத்தில், கையில் தண்ணீர்க் குவளையுடன் நடைமேடையின் கோடிவரை ஓடி, கதவைத் திறக்கச் சொல்லி, நாய் குடிக்கும்வரை காத்திருந்து, தன் பெட்டிக்குத் திரும்ப யாரால் முடியும்? அறுபது வயதைக் கடந்த ஒருவர் அவ்வாறு ஓடுவதை ஒருமுறை கண்டேன். குவளையில் பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்திவிட்டது.

பொதுப் பெட்டியில் மனிதர்கள் கழிவறை வாசலில் குந்தியிருந்து பயணம் செய்யும் நாட்டில் நாய்க்கு வசதி கேட்பதா என்று சிலர் சினக்கக்கூடும். அச்சினத்தில் நியாயம் உண்டு. அதைக் கேலியாக எடுத்துக்கொள்வதற்கில்லை. ஆனால் நான் கேட்பவை பெரும்பாலும் செலவில்லாதவை. முழுக் கூபேக்கும் பணம் கட்டியவருக்குப் பதிவு செய்யும்போதே அதை உறுதிசெய்து கொடுப்பதற்குப் புதிய பெட்டி தேவையில்லை, கணினியில் ஒரு மாற்றம் போதும். நாய்ப் பெட்டிக்குள் கவிழாத தண்ணீர்த் தொட்டி ஒன்றைப் பொருத்துவதும், நீண்ட நேரம் நிற்கும் நிலையங்களில் உரிமையாளர் அதை அணுகலாம் என்று கார்டுக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவதும் எவருடைய இருக்கையையும் பறித்துவிடா. 1978-இல் எழுதிய விதியை நடைமுறைக்குக் கொண்டுவரும் வேலைதான் இது. சதாப்தி, இருக்கை வசதி கொண்ட வந்தே பாரத் போன்ற வண்டிகளில் இந்த இரண்டு வழிகளுமே இல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பகல்நேர வண்டிகள் நவீனமாக ஆக, நாயுடன் பயணம் செய்பவருக்கு ரயில் மேலும் தொலைவாகிறது.

விமானத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஏர் இந்தியா நெடுங்காலமாகவும், ஆகாசா ஏர் 2022 நவம்பர் முதலும் வளர்ப்பு நாய்களை ஏற்றிச் செல்கின்றன. கூண்டையும் சேர்த்துக் குறிப்பிட்ட எடைக்குள் அடங்கும் சிறிய நாய் பயணிகளின் அறையிலேயே வரலாம். பெரியது சரக்கு அறையில். எடை வரம்பும் கட்டணமும் அவ்வப்போது மாறுவதால் பதிவு செய்யும் நாளில் கேட்டுக்கொள்வதே முறை. மூக்கு சப்பையான பக் போன்ற இனங்களுக்கு மூச்சுவிடுவதே பெரும்பாடு. அவற்றைச் சரக்கு அறையில் ஏற்றத் துணிபவர் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொள்ளட்டும். எங்கள் நாய் நாட்டு நாய். பதினெட்டுக் கிலோ. விமானம் என்ற பேச்சே எழவில்லை.

அதன் பெயர் மணி. தில்லியில் எங்கள் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியடியில் ஒரு ஜனவரி மாதக் குளிரில் பிறந்த ஐந்து குட்டிகளில் ஒன்று. அதற்கு நான்கு வயதானபோது ஒரு மே மாதத்தில், குமாவோன் மலையிலுள்ள முக்தேஷ்வருக்குக் காரில் போவதென்று முடிவு செய்தோம். தில்லியிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரம். மலையடிவாரமான காட்கோதாம்வரை ரயில் உண்டுதான். ஆனால் வசதியான பகல் வண்டி சதாப்தி. காரணம் மேலே சொன்னதே.

விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். அது மட்டுமே அந்தப் பயணத்தில் நாங்கள் சரியாகச் செய்த காரியம் என்று இப்போது நினைக்கிறேன். நாய்க்கு நம்மைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. பாதங்களில் சிறிதளவு வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதே உடற்சூட்டைத் தணிக்க அதற்குள்ள வழி. அதன் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ்வரை. 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. வெயிலில் நிறுத்திய காரின் உள்வெப்பம் பத்தே நிமிடங்களில் பத்து டிகிரி அளவுக்கு உயர்ந்துவிடும். வெளியே 38 என்றால் உள்ளே 48. கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிவைத்தாலும் பெரிய மாற்றமில்லை. 'ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்துவிடுகிறோம்' என்று நெடுஞ்சாலை உணவகத்தின் முன் காரைப் பூட்டிச் செல்லும் அந்த இருபது நிமிடத்தில் நாய் இறந்துபோகலாம். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. உணவகத்தில் முறை வைத்துச் சாப்பிடுங்கள். ஒருவர் எப்போதும் நாயுடன் நிழலில் இருங்கள். தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியாத சூட்டில் நாயை நடக்கவிட வேண்டாம்.

ஹல்த்வானியைக் கடந்து மலைப்பாதை தொடங்கியதும் மணி வாந்தியெடுத்தது. கிளம்பும்போது, வழியில் பசிக்குமே என்று என் மனைவி தயிர்ச்சோறு பிசைந்து வயிறு நிறைய ஊட்டியிருந்தார். புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே, அதுவும் குறைவாகக் கொடுத்திருக்க வேண்டும். வளைவுப் பாதைக்கென்று மருத்துவரிடம் மாத்திரை கேட்டு வாங்கியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. மகளின் மடியில் தலைவைத்து அது நடுங்கிக்கொண்டே வந்தது. மலையில் முதல் தேவதாரு மரங்கள் தென்பட்டபோது நாங்கள் மூவரும் ஆர்ப்பரித்தோம். மணி கண்ணைத் திறக்கவில்லை.

முக்தேஷ்வருக்கும் விலங்கு மருத்துவத்துக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1889-இல் புணேயில் தொடங்கப்பட்டு, தொற்றுக் கிருமிகளை ஆராய ஆளரவமற்ற இடம் வேண்டுமென்று 1893-இல் இம்மலைக்கு மாற்றப்பட்ட ஆய்வுக்கூடமே இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம். அதன் தலைமையகம் பின்னர் பரேலியை அடுத்த இஜ்ஜத்நகருக்குச் சென்றுவிட்டாலும், முக்தேஷ்வர் வளாகம் இன்றும் இருக்கிறது. அவ்வளவு பெயர் பெற்ற ஊருக்குப் போகிறோம் என்ற தெம்பில், வழியிலும் ஊரிலும் நாய்க்கு மருத்துவம் பார்ப்பவர் யார் என்று ஒரு தொலைபேசி எண்ணைக்கூட நான் குறித்துக்கொள்ளவில்லை. ஆராய்ச்சி நிலையம் வேறு, ஞாயிற்றுக்கிழமை மாலையில் கதவைத் தட்டத் தக்க மருத்துவர் வேறு.

நாங்கள் பதிவு செய்திருந்த தங்கும் இல்லம், செல்லப் பிராணிகளை வரவேற்பதாக விளம்பரம் செய்திருந்தது. போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்து மணி. வரவேற்பு என்பதன் பொருள் அங்கேதான் விளங்கிற்று. வளாகத்துக்குள் நாய் வரலாம். அறைக்குள் வரக் கூடாது. தாழ்வாரத்துத் தூணில் கட்டிக்கொள்ளலாம். முழுப் பணமும் முன்பே கட்டியாகிவிட்டது. வேறிடம் தேட நேரமில்லை. சரி, ஓர் இரவுதானே என்று நானும் கயிற்றை எடுத்தேன்.

அங்கே காவலிருந்த முதியவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உரிமையாளர் உள்ளே போகும்வரை பொறுத்திருந்து, பிறகு அருகில் வந்து தணிந்த குரலில், இருட்டிய பின் நாயை வெளியே கட்ட வேண்டாம் என்றார். போன மாதந்தான் கீழ்வீட்டு நாயைச் சிறுத்தை தூக்கிச் சென்றதாம். இமயமலையில் ஆட்டு மந்தைகளோடு செல்லும் காவல் நாய்களுக்கு ஆணிகள் பதித்த இரும்புக் கழுத்துப் பட்டை அணிவிப்பார்கள் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். சிறுத்தை முதலில் கவ்வுவது கழுத்தை. அவர் மணியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். அதில் இருந்தது, என் மகள் தேர்ந்தெடுத்து வாங்கிய மெல்லிய சிவப்புத் துணிப்பட்டை.

அன்றிரவு மனைவியும் மகளும் அறையில் படுத்தார்கள். நானும் மணியும் காரில். மே மாதமென்றாலும் அந்த உயரத்தில் குளிர் எலும்பைத் தொட்டது. இரண்டு மணியளவில் மணி எழுந்து நின்று, முதுகு மயிர் சிலிர்க்க, கண்ணாடிக்கு வெளியே இருட்டைப் பார்த்து ஒருமுறை உறுமியது. அப்புறம் என் கையடியில் தலையைச் செருகிக்கொண்டு படுத்துவிட்டது. வெளியே என்ன நின்றது என்று எனக்குத் தெரியாது. காட்டுப்பன்றியாகவும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அவர் சொல்லாதிருந்தால் அது அப்போது தூணில் கட்டப்பட்டிருக்கும் என்ற நினைப்பு விடியும்வரை என்னை உறங்கவிடவில்லை. மூன்று நாள் பதிவில் மறுநாளே திரும்பிவிட்டோம்.

அந்தத் தங்கும் இல்லத்தின்மீது எனக்கு முழுக் கோபமும் இல்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான். நாய் எங்கே உறங்கும்? அறைக்குள்ளா, வெளியிலா? வளாகத்துக்குச் சுற்றுவேலி உண்டா? அங்கே வேறு நாய்கள் இருக்கின்றனவா? இந்த நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் முன்பணம் கட்டுவதில்லை என்று இப்போது வைத்திருக்கிறேன். பதில் சொல்லத் தயங்குபவர்களிடமிருந்து தப்பிக்க இதைவிட மலிவான வழி இல்லை.

மலையும் நாயும் என்றதும் நம்மவர்களுக்குத் தருமர் நினைவுக்கு வருவார். 2022-இல் ஒருவர் தம் நாயைச் சுமந்துகொண்டு கேதார்நாத் சென்று, சந்நிதியின் முன் அதற்குத் திலகமிட்ட படம் பரவி, கோயில் குழு புகார் கொடுக்கும்வரை போனபோது, அவருக்காகப் பேசிய பலரும் தருமரைத்தான் துணைக்கு அழைத்தார்கள். அந்தக் கதையில் எனக்கு ஒரு செய்தி முக்கியமாகப் படுகிறது. தருமர் நாயை அழைத்துச் செல்லவில்லை. அதுவாகப் பின்தொடர்ந்தது. திரும்பிப் போக வேண்டுமென்று அது நினைத்திருந்தால் எந்தக் கயிறும் அதைத் தடுத்திராது. நம் நாய்களுக்கு அந்த வசதி கிடையாது. கேதார்நாத் 3,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரம். மூச்சு முட்டினால் நாம் சொல்லிவிடுவோம், அது எப்படிச் சொல்லும்? லடாக்குக்கு நாயோடு போகத் திட்டமிடுபவர்களும் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

நாயால் பிறவற்றுக்கு வரும் தீங்கும் கணக்கில் வர வேண்டும். 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தன. பரிசோதித்ததில் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் கண்டறியப்பட்டது. நம் வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் போட வேண்டிய கூட்டுத் தடுப்பூசியில் அடங்கிய நோய்தான் அது. தேசியப் பூங்காவின் வாயிலில் நாயைத் திருப்பியனுப்பும் காவலரிடம் 'எங்கள் நாய் ஒன்றும் செய்யாது' என்று வாதாடுவோர் இதை அறிந்திருந்தால் வாதாட மாட்டார்கள். தடுப்பூசி அட்டை நடப்பில் இருக்கிறதா என்று ஒரு மாதம் முன்பே பாருங்கள். கிளம்பும் நாளன்று போட்ட ஊசி அந்தப் பயணத்துக்கு உதவாது. மலையிலிருந்தும் காட்டோரத்திலிருந்தும் திரும்பியதும் காதுமடல், விரலிடுக்கு, வாலடி எங்கும் உண்ணி தேடுங்கள். ஊர் திரும்பிச் சில வாரங்கள் கழித்து நாய் சோர்ந்து படுத்தால், போய்வந்த இடத்தை மருத்துவரிடம் சொல்ல மறக்க வேண்டாம். உண்ணிக் காய்ச்சல் அப்படித்தான் வரும்.

நாய்க்கு அஞ்சுபவர்களும் விடுமுறைக்குத்தான் வந்திருக்கிறார்கள். கடற்கரையில் கயிற்றை அவிழ்த்துவிட்டு, குழந்தையை நோக்கி ஓடும் நாயின் பின்னால் 'கடிக்காது, கடிக்காது' என்று கூவிக்கொண்டே வருபவர், நாய் வளர்க்கும் நம் எல்லோருக்கும் ஒரு கதவை மூடுகிறார். கழிவை எடுத்துப் போட ஒரு காகிதப் பை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அழைத்துச் செல்ல முடியாதபோது என்ன செய்வது? விட்டுச் செல்வதை நன்றிகெட்ட செயலாக எண்ணி வருந்துவோர் பலர். நான் அப்படி எண்ணவில்லை. புதிய இடம், புதிய மணம், புதிய மனிதர்கள் என்பவை நமக்கு இன்பம். பல நாய்களுக்கு, குறிப்பாக வயதானவற்றுக்கும் அச்ச சுபாவம் உள்ளவற்றுக்கும், அவை வேதனை. அவற்றுக்கு விடுமுறை என்பது வழக்கமான மூலையில், வழக்கமான நேரத்தில், வழக்கமான கிண்ணத்தில் சாப்பிடுவது. எனவே முதல் விருப்பம் வீட்டிலேயே, அது அறிந்த ஒருவரின் பொறுப்பில். அது இயலாவிட்டால் காப்பகம். காப்பகத்தை இணையத்தில் பார்த்துப் பணம் கட்டாதீர்கள்; சொல்லாமல் ஒருநாள் நேரில் போய்ப் பாருங்கள். தடுப்பூசி அட்டையைக் கேட்காமலே நாயைச் சேர்த்துக்கொள்ளும் இடம், பக்கத்துக் கூண்டு நாயின் அட்டையையும் கேட்டிருக்காது. ஊருக்குப் போகுமுன் ஓர் இரவு மட்டும் விட்டுப் பாருங்கள். மறுநாள் அழைக்கப் போகும்போது அது யாரிடமிருந்து விலகுகிறது, யாரிடம் ஒட்டுகிறது என்பதில் உங்களுக்கு வேண்டிய செய்தி இருக்கும்.

இதற்கெல்லாம் செலவாகும். விமானக் கட்டணத்தையும் விடுதி வாடகையையும் மாதக்கணக்கில் சேமித்து வைக்கும் குடும்பங்கள்கூட நாய்க்கான செலவைக் கடைசி வாரத்தில்தான் நினைக்கின்றன. பராமரிப்பாளரின் கூலி, மருத்துவச் சான்றிதழ், தடுப்பூசி, அவசர வைத்தியத்துக்கென்று ஒதுக்கும் ஒரு தொகை ஆகியவை பயணச் செலவுக் கணக்கின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியவை. நாய்களுக்கான காப்பீட்டையும் சில பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்குகின்றன. வயது வரம்பு என்ன, பயணத்தின்போது நேரும் விபத்தும் காணாமற்போவதும் அதில் அடங்குமா என்று படித்துப் பார்த்தே வாங்க வேண்டும். வாங்கியபின் படிப்பது நம் வழக்கம், எனக்கும்தான்.

கணக்கு போடாதவர்கள் சிலர் இறுதியில் என்ன செய்கிறார்கள் என்பதைக் கோடை விடுமுறைகளில் எங்கள் குடியிருப்பைச் சுற்றியே பார்த்திருக்கிறேன். கழுத்துப் பட்டையுடன், சீவிய உரோமத்துடன், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் சாலை நடுவில் நிற்கும் நாய். தெரு நாய்கள் அதைச் சேர்த்துக்கொள்வதில்லை. குப்பையில் உண்ணவும் அது அறியாது. நாயைப் பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறை குற்றத்துக்கு அப்பிரிவு விதிக்கும் அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மிகாமல். அச்சுப் பிழையில்லை, ஐம்பதுதான். அறுபது ஆண்டுகளுக்கு முன் அது ஒரு தொகை. இன்று ரயில் நிலையத்தில் கார் நிறுத்தக் கொடுப்பது அதைவிட அதிகம். நாடாளுமன்றத்தின் வேலைப்பளுவில் இது சிறியதாக இருக்கலாம். ஆயினும் இந்த எண்ணை மாற்றாதவரை, பராமரிப்பாளருக்குக் கூலி கொடுப்பதைவிட நாயைத் தெருவில் விடுவதே மலிவு என்று நம் சட்டப் புத்தகம் சொல்லிக்கொண்டிருக்கும்.

மணிக்கு இப்போது பதினொரு வயது. வரும் மாதம் உறவினர் திருமணத்துக்கு நாங்கள் மதுரை போகிறோம். கூபேக்கு எழுதிப் போட்டுப் பட்டியலுக்காகக் காத்திருக்கும் தைரியம் எனக்கில்லை. அவ்வளவு நீண்ட பயணத்தை அதன் மூட்டுகளும் தாங்கா. எங்கள் குடியிருப்பில் இரண்டு மாடி கீழே இருக்கும் அம்மையார், பத்து நாளும் எங்கள் வீட்டிலேயே வந்து தங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அவர் கூலி வேண்டாமென்றார், நாங்கள் கேட்கவில்லை. நேற்றிரவு என் மனைவி அவருக்காகக் குறிப்பேட்டில் இரண்டு பக்கம் எழுதி வைத்தார். மூட்டு மாத்திரையைச் சோற்று உருண்டைக்குள் வைத்துக் கொடுக்க வேண்டும். மாலை நடை தண்ணீர்த் தொட்டிவரை மட்டும். அதற்கு மேல் அது வராது. பட்டாசுச் சத்தம் கேட்டால் குளியலறைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், வெளியே இழுக்க வேண்டாம், விளக்கை மட்டும் போட்டு வைக்கவும்.